இரவெல்லாம் நறநற... காலையில் தாடை வலி!

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

‘‘என் கணவருக்கு 43 வயது. படுத்த பத்தாவது நிமிடம் குறட்டை ஆரம்பித்துவிடும். நடு ராத்திரியில் அது திடீரென்று நின்று, பல்லை நறநறவென்று கடிப்பார். காலையில் காதோரம் வலிக்கிறது, வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை என்கிறார். வயிற்றில் பூச்சி இருக்கும் என்று என் மாமியார் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கிறார். பல் டாக்டரிடம் கிளிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கணவரின் நண்பர். ஆன்லைனில் தேடினால் குறட்டைக்கு ஒரு கிளிப், பல் கடிப்பதற்கு ஒரு கிளிப் என்று விற்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கிளிப் போதுமா டாக்டர்?’’

போதாது. அதைவிட முக்கியமான விஷயம், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகலாம். பல் கடிப்பதற்குத் தரும் கிளிப் பற்களைக் காப்பாற்றும். குறட்டைக்குத் தரும் கிளிப் தொண்டையில் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இருக்கும். வேலை வேறு வேறு.

இந்தக் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது கிளிப் அல்ல. ‘குறட்டை திடீரென்று நின்று’ என்று எழுதியிருக்கிறாரே, அந்த இரண்டு வார்த்தைகள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பல்லைக் கடிப்பது யார்?

கோபத்தில் பல்லைக் கடிப்பது நாம் அறிந்து செய்வது. தூக்கத்தில் கடிப்பது அப்படியல்ல. ஆழ்ந்த தூக்கத்தைவிட மேலோட்டமான தூக்கத்தில்தான் இது அதிகம் நடக்கிறது. மூளை சில நொடிகள் லேசாக விழித்துக்கொள்ளும், இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், அடுத்து தாடைத் தசைகள் இறுகித் தளர்ந்து இறுகித் தளர்ந்து ஒரு தாளத்தில் வேலை செய்யும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். சத்தமே வராமல் இறுக்கிக் கடிப்பவர்களும் உண்டு. அவர்கள் விஷயத்தில் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது, பற்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுள்ள எனாமல். அதன் எடையில் சுமார் 96 சதவிகிதம் தாதுப்பொருள். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததுதான், மறுபடி வளராது. அது தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் வெளியே தெரியும். அது எனாமலைவிட மென்மையானது என்பதால் அங்கே தேய்மானம் இன்னும் வேகமாகும். மோர் குடித்தாலே கூசும். போட்ட கேப் உடையும், அடைத்த சிமென்ட் பெயரும். ரூட் கேனல் செய்த பல் இரண்டாகப் பிளந்து, பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

கண்ணாடி முன்னால் நின்று நீங்களே பார்க்கலாம். கோரைப்பல்லின் கூர் மழுங்கித் தட்டையாகியிருக்கிறதா? நாக்கின் இரு ஓரங்களிலும் பல் பதிந்த அலை அலையான தடம் இருக்கிறதா? கன்னத்தின் உட்புறம், மேல் கீழ் பற்கள் சேரும் உயரத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறதா? விரல்களைக் கன்னத்தில் வைத்துப் பல்லை இறுக்கினால் ஒரு தசை புடைக்குமே, காலையில் எழுந்ததும் அதை அழுத்தினால் வலிக்கிறதா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

காலையில் நெற்றிப்பொட்டில் தலைவலி என்று மாத்திரை போடுபவர்கள், காதுவலி என்று காதுக்குச் சொட்டு மருந்து விடுபவர்கள் பலருக்கும் மூலகாரணம் தாடையில் இருக்கும். தாடை மூட்டு காதுத் துளைக்கு முன்னால், ஒரு விரல்கடை தூரத்தில்தான் இருக்கிறது. மூட்டு வலித்தால் காது வலிப்பது போலவே தோன்றும். இ.என்.டி டாக்டர் பார்த்து ‘காது நன்றாக இருக்கிறது’ என்று சொல்லியும் வலி தொடர்ந்தால், அடுத்து போக வேண்டிய இடம் பல் கிளினிக்.

வயிற்றுப் பூச்சியும் வேப்பங்கொழுந்தும்

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை. குழந்தைகளில் தூக்கத்தில் பல் கடிப்பது மிகச் சாதாரணம், நம் ஊரில் பூச்சித் தொல்லையும் சாதாரணம். இரண்டும் ஒரே குழந்தையிடம் இருந்ததைப் பார்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பூச்சிதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்கள். அதைக் கட்டாயம் போடுங்கள், ரத்தசோகை வராமல் இருக்க உதவும். பல் கடிப்பது நிற்கும் என்று எதிர்பார்த்துப் போட வேண்டாம். 43 வயதுக்காரருக்கு வேப்பங்கொழுந்து கொடுத்தால் வாய் கசக்கும், அவ்வளவுதான்.

பெரியவர்களில் பல் கடிப்பதைத் தூண்டுபவை வேறு. மன அழுத்தம், பதற்றம் முதலிடத்தில். மாலைக்கு மேல் குடிக்கும் காபி, டீ. சிகரெட். மது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் சிலருக்கு இதைக் கூட்டும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார்.

நைட் கார்டு என்ன செய்யும்?

பல் கடிப்பதற்குத் தரும் கிளிப்பை நைட் கார்டு அல்லது ஸ்ப்ளின்ட் என்போம். உங்கள் பல்லை அச்செடுத்து, பெரும்பாலும் மேல் வரிசைப் பற்கள் முழுவதையும் மூடுகிற மாதிரி கடினமான அக்ரிலிக்கில் செய்வது. இது வாய்க்குள் இருந்தால் பல்லோடு பல் உரசாது, கார்டுதான் தேயும். ஒன்று இரண்டு வருடத்தில் கார்டின் மேல் பள்ளம் விழுந்திருப்பதைக் காட்டி, ‘இது உங்கள் பல்லில் விழுந்திருக்க வேண்டியது’ என்று சொன்னால் நோயாளிகள் அமைதியாகிவிடுவார்கள்.

ஆனால் ஒன்று. நைட் கார்டு பல் கடிக்கும் பழக்கத்தை நிறுத்துவதில்லை. அதை வாங்கியும் கடிப்பது நிற்கவில்லையே என்று வருத்தப்படுபவர்களுக்காகச் சொல்கிறேன், அது ஹெல்மெட் மாதிரி. விபத்தை நிறுத்தாது, தலையைக் காக்கும். பலருக்குத் தாடைத் தசையின் இறுக்கமும் காலை வலியும் குறையும்.

வெந்நீரில் போட்டு வாயில் வைத்துக் கடித்தால் பல்லுக்கேற்ற வடிவத்துக்கு வரும் மலிவான கார்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அவை மிருதுவானவை. மிருதுவான பொருள் வாயில் இருந்தால் சிலர் சூயிங்கம் போல அதை மென்றுகொண்டே இருப்பார்கள், தாடை இன்னும் வலிக்கும். சில பற்களை மட்டும் மூடும் சின்ன கார்டுகளை மாதக்கணக்கில் போட்டால் மூடப்படாத பற்கள் இடம் மாறிவிடும் ஆபத்தும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. ‘பல் கடிக்கிறீர்கள், கடி சரியில்லை, எல்லாப் பல்லையும் உரசிச் சமன் செய்துவிடலாம்’ என்றோ, ‘28 பல்லுக்கும் கேப் போட்டுவிடலாம்’ என்றோ முதல் சந்திப்பிலேயே யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள். உரசிய பல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. தூக்கத்தில் பல் கடிப்பது மூளையிலிருந்து கிளம்பும் விஷயம், பல்லின் மேடுபள்ளத்தைச் சரிசெய்வதால் அது நிற்பதில்லை. கன்னத் தசையில் போடும் போடாக்ஸ் ஊசி கடியின் வேகத்தைக் குறைக்கும்தான். சில மாதங்களில் அதன் வேலை தீர்ந்துவிடும், செலவும் அதிகம். மற்றதெல்லாம் பலன் தராதபோது யோசிக்க வேண்டியது அது.

குறட்டை நிற்கும் அந்தச் சில நொடிகள்

இப்போது ‘திடீரென்று நின்று’ என்ற விஷயத்துக்கு வருவோம்.

2023-ல் வந்த ‘குட் நைட்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மணிகண்டன் நடித்த அந்தக் கதாபாத்திரத்துக்குக் குறட்டையாலேயே ‘மோட்டார்’ என்று பட்டப்பெயர். குறட்டையை வெறும் கேலிப்பொருளாக வைத்திருந்த நம்மவர்களுக்கு, அதனால் ஒரு மனிதனும் அவன் மனைவியும் எவ்வளவு அல்லாடுகிறார்கள் என்று காட்டிய படம். என்னிடம் வரும் தம்பதிகளில் சிலர் தனித்தனி அறையில் படுக்கிறார்கள்; அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஒற்றை அறை வீட்டில் அந்த வசதியும் இல்லை.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். மல்லாந்து படுத்தால் கீழ்த்தாடையும் அதோடு நாக்கும் பின்னால் சரியும். மூச்சுப் பாதை குறுகும். குறுகிய வழியில் காற்று வேகமாகப் போகும்போது மென்மையான அண்ணமும் உள்நாக்கும் படபடவென்று அதிரும். அதுதான் குறட்டை. பாதை முழுவதும் அடைத்துக்கொண்டால்? காற்றே போகாது, குறட்டையும் நின்றுவிடும். ‘அப்பாடா’ என்று பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடுவார். 10, 20, 30 நொடிகள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி எழுப்பும். ஒரு பெரிய கனைப்போடு, மூச்சு வாங்கியபடி குறட்டை மறுபடி தொடங்கும். இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா.

மூச்சு 10 நொடிக்குக் குறையாமல் நிற்பது அல்லது வெகுவாகக் குறைவது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணுவார்கள். 5-க்குக் கீழே இருந்தால் பெரியவர்களுக்குச் சரி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் போனால் தீவிரம். 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுத் திணறல். அவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியதாகவே கணக்கில்லை. பகலில் அசதி, கூட்டத்தில் கண் சொக்கல், எரிச்சல், மறதி. ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனாலும் பிரஷர் இறங்காது. வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் பல் எங்கே வருகிறது? மூளை அடிக்கடி லேசாக விழிக்கும் நேரத்தில்தான் பல் கடிப்பதும் நடக்கும் என்று சொன்னேன் அல்லவா? மூச்சடைப்பால் விழிக்கிற சிலருக்கு அந்த விழிப்போடு பல் கடிப்பதும் சேர்ந்தே வருகிறது. இப்படிப்பட்டவருக்கு மூச்சைக் கவனிக்காமல் மேல் பல்லில் ஒரு நைட் கார்டை மட்டும் மாட்டிவிட்டால் பல் பிழைக்கும், மூச்சடைப்பு தொடரும். ஆப்னியா உள்ள சிலருக்கு அந்த கார்டே மூச்சடைப்பைக் கூட்டியதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் பல் தேய்ந்து வருபவரிடம் ‘குறட்டை விடுவீர்களா?’ என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் ‘இல்லையே’ என்பார். கூட வந்திருக்கும் மனைவியின் முகத்தைப் பார்த்தால் போதும்.

தாடையை முன்னே இழுத்தால்

மயங்கிக் கிடப்பவருக்கு முதலுதவி செய்கிறவர்கள் கீழ்த்தாடையை இரு கைகளாலும் முன்னே தூக்கிப் பிடிப்பதைப் பார்த்திருக்கலாம். தாடையோடு நாக்கும் முன்னால் வரும், மூச்சு வழி திறக்கும். குறட்டைக்கு நாங்கள் தரும் கிளிப் இதே வேலையைத்தான் இரவு முழுக்கச் செய்கிறது. மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று. இரண்டையும் இணைத்து, கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னே நிற்கும்படி அமைப்போம். ஒரே நாளில் இழுத்துவிட மாட்டோம். உங்களால் தாடையை அதிகபட்சம் எவ்வளவு முன்னே கொண்டுவர முடியுமோ அதில் ஏறக்குறைய பாதியில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம்.

வெறும் குறட்டைக்கும், லேசான மற்றும் நடுத்தர ஆப்னியாவுக்கும் இது நல்ல வழி. தீவிர ஆப்னியாவுக்கு முதல் இடம் சிபேப் கருவிக்குத்தான். மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, பாதை மூடாமல் வைத்திருக்கும் இயந்திரம் அது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரின் குழு 1981-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. மூச்சடைப்பின் எண்ணிக்கையைக் குறைப்பதில் கிளிப்பைவிட சிபேப் கெட்டி. ஆனால் மாஸ்க்கைப் பொறுக்க முடியாமல் நடு ராத்திரியில் கழற்றி எறிபவர்கள் நிறைய. அலமாரியில் தூங்கும் சிபேப்பைவிட வாயில் இருக்கும் கிளிப் மேல். சிபேப் ஒத்துக்கொள்ளாத தீவிர நோயாளிகளுக்கும், தூக்க மருத்துவரோடு பேசி, கிளிப் கொடுப்பதுண்டு.

எல்லோருக்கும் இதைப் போட முடியாது. கிளிப்பைப் பிடித்துக்கொள்ள இரண்டு தாடையிலும் போதுமான பற்கள் வேண்டும். ஈறு நோயால் ஆடும் பல்லில் மாட்டினால் பல் கையோடு வந்துவிடும். தாடை மூட்டில் கடுமையான வலி இருப்பவருக்கு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தொடக்கத்தில் எச்சில் ஊறித் தலையணை நனையும், சிலருக்கு வாய் வறளும், காலையில் கடி பொருந்தாத மாதிரி இருக்கும். எழுந்து கொஞ்ச நேரத்தில் சரியாகும். பல வருடங்கள் போட்டால் பற்களின் பொருத்தத்தில் சிறு மாற்றம் வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் கடமை. அதனால்தான் வருடாவருடம் பரிசோதனைக்கு வரச் சொல்கிறோம்.

ஆகவே, திருப்பூர் சகோதரிக்கு நான் சொல்வது: கிளிப் வாங்குவதற்கு முன் உங்கள் கணவரை நுரையீரல் மருத்துவரிடமோ இ.என்.டி மருத்துவரிடமோ அழைத்துப் போய் ஸ்லீப் டெஸ்ட் எடுங்கள். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்வது ஒரு வகை. வீட்டிலேயே கருவியை மாட்டிக்கொண்டு தூங்குவது இன்னொரு வகை. போவதற்கு முன் ஒரு வேலை, அவர் தூங்கும்போது குறட்டை நின்று மறுபடி தொடங்குவதைச் செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான் குறட்டையே விடுவதில்லை’ என்று வாதிடுபவர்களுக்கும் அது உதவும். ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் வாருங்கள். ஆப்னியா இல்லை என்றால் நைட் கார்டு. இருந்தால் அதன் அளவைப் பொறுத்துத் தாடையை முன்னிறுத்தும் கிளிப்போ சிபேப்போ. மூச்சு சரியானதும் பல் கடிப்பதும் குறைந்துவிட்டவர்கள் உண்டு. கிளிப் போட்ட சில மாதங்களில் அதை வாயில் வைத்துக்கொண்டே ஸ்லீப் டெஸ்ட்டை இன்னொரு முறை எடுக்க வேண்டும். சத்தம் நின்றது என்பதால் மூச்சடைப்பும் நின்றது என்று அர்த்தமில்லை.

செலவுக்குத் தயங்குபவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். சென்னையில் இருக்கிறது, சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கிறது. செயற்கைப் பல் கட்டும் பிரிவில் கேளுங்கள்.

இதற்கிடையே அவர் இடதோ வலதோ ஒருக்களித்துப் படுக்கட்டும். பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பந்தை வைத்துத் தைத்துவிடும் பழைய தந்திரம் இன்றும் வேலை செய்கிறது. எடை குறைந்தால் குறட்டையும் குறையும். படுக்கும் முன் மது வேண்டாம், தொண்டையை அது மேலும் தளர்த்தும், பல் கடிப்பதையும் கூட்டும்.

தாடை வலிக்கு: இளஞ்சூட்டுத் துணியை 15 நிமிடம் கன்னத்தில் வைக்கலாம். இரண்டு வாரத்துக்கு முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கையை முட்டுக்கொடுங்கள். பகலில் வேலை மும்முரத்தில் பல்லை இறுக்குகிறோமா என்று அவ்வப்போது கவனிக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. ‘ன்’ என்று சொல்லும்போது நாக்கு எங்கே நிற்கிறதோ அங்கே அதை வைத்து, உதட்டை மூடி, பற்களைப் பிரித்து வைத்திருப்பதுதான் தாடைக்கு ஓய்வு. வாய் திறக்கும்போது ‘டக்’ என்று சத்தம் மட்டும் கேட்டு, வலி இல்லையென்றால் சிகிச்சை தேவையில்லை. வாய் பூட்டிக்கொண்டால், வீங்கினால் உடனே வாருங்கள். மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, கூடவே வியர்வையோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் என்னிடம் வர வேண்டாம், நேராக இதய மருத்துவரிடம் ஓடுங்கள்.

கணவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஆப்னியா கூடுகிறது. அவர்கள் குறட்டை என்று சொல்லி வருவதில்லை. ‘தூக்கமே வரல, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்பார்கள். வயசாகிவிட்டது என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். அம்மா ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று ஒருநாள் கவனியுங்கள்.

குழந்தைகள் பல் கடித்தால் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும், கார்டு தேவையில்லை. ஆனால் பல் கடிப்பதோடு குறட்டை, வாயால் மூச்சு விடுவது, படிப்பில் கவனமின்மை இவையும் சேர்ந்திருந்தால் டான்சில், அடினாய்டு பார்க்க இ.என்.டி மருத்துவரிடம் முதலில் போக வேண்டும்.

கிளிப் வாங்கியவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. காலையில் கழற்றியதும் சாதாரணத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பற்பசை போட்டால் கீறல் விழும், வெந்நீர் ஊற்றினால் வளைந்துவிடும். டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைத்தால் குப்பைக்குப் போய்விடும், டப்பாவில் வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அந்த டப்பாவை உயரத்தில் வையுங்கள். எச்சில் வாசம் பிடித்து வந்து இரண்டே நிமிடத்தில் கடித்துத் துப்பிவிடும்.